மஞ்சள் துணி

“நீதான்டா கெடுத்தே! நீ யாரா இருந்தாலும் சரி, சோறு திங்கற அந்தக் கை அழுகிப் போயிரும். கெடுத்தவன் நீயே வந்து சரி பண்ணிக் குடுத்துட்டுப் போடா!”

சென்னியப்பன் தெருவைப் பார்த்துக் கத்தினார். தெருவில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. அது எழுந்து, எதற்கு வம்பு என்று எதிர் வீட்டு நிழலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

பதினொரு மாதமாக விடிந்தால் இதுதான். கையில் மஞ்சள் துணி, கண் முன்னால் அந்தக் கோடு, வாயில் இந்தச் சாபம். கறுப்புக் காரின் வலப்பக்கம் ஓட்டுகிறவர் கதவில் தொடங்கிப் பின்கதவின் பாதிவரை கோடு ஓடியது. பொறாமை பிடித்த எவனோ ஒருத்தன் போகிற போக்கில் ஆணியால் இழுத்துவிட்டான் என்பது அவர் கட்சி. அவர் கட்சிக்கு எதிர்க்கட்சி அந்த வீட்டில் இருந்ததில்லை.

கேட்டருகே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னால் பெரிய பெட்டி கட்டியிருந்த ஒரு பெண் இறங்கினாள்.

“வரச் சொன்னீங்கன்னு வந்தேன். ஆனா கெடுத்தது நானில்லீங்ணா.”

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. “கார் பாலிஷுக்கு வந்த அம்மிணியா? உள்ள வா.”

அவள் பெயர் கோகிலவாணி. கார் விற்கிற ஷோரூம் ஒன்றில் ஒன்பது வருடம் பாலிஷ் போட்டுவிட்டு, இப்போது வீடு வீடாகப் போய் அதே வேலையைச் செய்கிறாள்.

“நீ பண்ண வேண்டாம். எனக்குச் சொல்லிக் குடு. என் கையாலதான் பண்ணணும்.”

“மூணு நாளாகுங்ணா.”

“ஒரு நாள்ல முடி.”

“ஒரு நாள்ல கழுவலாம்.”

“ரெண்டு.”

“மூணு.”

“உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், ரெண்டரை.”

“உங்க அவசரம் வாக்ஸுக்குத் தெரியாதுங்ணா.”

பேரத்தில் அவர் தோற்றது அபூர்வம். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிறு காலைக்குள் முடிந்தால் போதும் என்று விட்டுக்கொடுத்தார்.

சீடனுக்கு ஐம்பத்தெட்டு வயது. குருவுக்கு முப்பத்துநான்கு.

சென்னியப்பன் பதின்மூன்று வயதில் மாட்டுச் சந்தைக்குக் கயிறு பிடிக்கப் போனவர். துண்டுக்குள் கைவிட்டு, விரல் பிடித்து விலை பேசக் கற்றார். இரண்டு முறை ஏமாந்தார், ஒரு முறை அடி வாங்கினார். அதற்கப்புறம் யாரும் அவரை ஏமாற்றவில்லை. பிறகு பழைய கார் தரகு. அவிநாசியில் கை மாறுகிற வண்டிகளில் பாதிக்கு அவர் கை பட்டிருக்கும். எந்த வண்டியையும் குறை சொல்லாமல் அவர் தொட்டதில்லை. குறை சொன்னால்தான் விலை இறங்கும்.

இந்தக் கறுப்புக் கார் மட்டும் விற்க வாங்கியதல்ல. மனைவி வசந்தாமணி ஐம்பது வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டபோது புதிதாக வாங்கியது. கறுப்புதான் வேண்டும் என்று கேட்டதும் அவள்தான். அவள் கோயிலுக்கோ சந்தைக்கோ ஓட்டிப் போய்த் திரும்பி வந்ததும், சென்னியப்பன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார், வாங்க வந்தவர் மாதிரி. சக்கரம் கல்லில் ஏறியிருக்கிறது என்பார். கதவை இப்படியா சாத்துவது என்பார். கோடு விழுந்த கொஞ்ச நாளில் அவள் ஓட்டுவதையே விட்டுவிட்டாள்.

நாலு மாதத்துக்கு முன்னால் அன்னூரில் தங்கை வீட்டுக் காதுகுத்துக்குப் போனவள் திரும்பி வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. கார் சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இவர் போன் போட்டால், “கொஞ்ச நாள் இருக்கறனுங்க” என்பாள். நேற்றுதான் அவளாகக் கூப்பிட்டாள்.

“ஞாயித்துக்கிழமை காலைல வர்றனுங்க. தையல் மெஷினை எடுத்துக்கிட்டுப் போயர்றேன்.”

மெஷின் போய்விட்டால் அப்புறம் அந்த வீட்டில் அவள் வந்து எடுக்க ஒன்றும் இல்லை. அவ்வளவுதான். அது அவருக்குத் தெரியும்.

அதனால் ராத்திரி முழுக்க யோசித்து ஒரு கணக்குப் போட்டார். வாங்கிய அன்றைக்கு நின்ற மாதிரி அந்தக் கார் பளபளவென்று நிற்க வேண்டும். அவள் பார்ப்பாள், நிற்பாள். வேறு கணக்கு அவரிடம் இல்லை.

கோகிலவாணி முதலில் அவர் கையிலிருந்த மஞ்சள் துணியை வாங்கிப் பெட்டி மேல் வைத்தாள். இரண்டு வாளிகளில் தண்ணீர் பிடிக்கச் சொன்னாள்.

“எதுக்கு ரெண்டு?”

“ஒண்ணு சோப்புத் தண்ணி. ஒண்ணு துணி அலச. அலசாம மறுபடி வண்டி மேல கொண்டு போகாதீங்க. மேலிருந்து கீழ வாங்க. கீழ இருக்கற மண்ணை மேல ஏத்தாதீங்க.”

கழுவித் துடைத்ததும் கார் மின்னியது. “ஆச்சு பாரு” என்றார்.

அவள் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து அவர் கையில் மாட்டினாள். “இப்பக் கண்ணை மூடிட்டுத் தடவுங்க.”

துண்டுக்குள் விலை பேசிய விரல்கள் அவை. கண் ஏமாந்தாலும் அவை ஏமாறா. பானெட் முழுக்கச் சொரசொரவென்று இருந்தது.

“உப்புத்தாள் மாதிரி இருக்குதே அம்மிணி. இத்தனை நாளு எப்படித் தெரியல?”

“இத்தனை நாளு பாத்தீங்க. தொட்டுப் பாக்கலை.”

களிமண் மாதிரி ஒரு கட்டியைத் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்க்கச் சொன்னாள். ஒட்டியிருந்ததெல்லாம் கட்டியில் ஏறி வந்தது. மத்தியானம் வண்டியை வெயிலுக்குத் தள்ளினார்கள். கறுப்புப் பானெட்டில் சூரியன் விழுந்தது. சூரியனைச் சுற்றி வட்டம் வட்டமாக, மயிர் பருமனில் ஆயிரம் கீறல். சிலந்தி வலை பின்னிய மாதிரி. பானெட்டில் மட்டுமல்ல, கதவில், கூரையில், டிக்கியில், எங்கே சூரியன் விழுந்தாலும் அங்கே வலை.

சென்னியப்பனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

“இதை எவன் பண்ணுனான்? அதே பயலா?”

கோகிலவாணி பெட்டியைத் திறந்து ஒரு பெட்ரோல் டேங்க் மூடியை எடுத்தாள். கறுப்பு, புதுசு, கண்ணாடி மாதிரி இருந்தது. அதை வாசல் திண்டு மேல் வைத்தாள். முதலில் வாங்கி வைத்த மஞ்சள் துணியை அவரிடம் நீட்டினாள்.

“தினமும் எப்படித் துடைப்பீங்களோ அப்படித் துடைங்க.”

“இதுல என்ன தூசி இருக்குது?”

அவள் கீழே குனிந்து, விரலில் தரைத்தூசி தொட்டு மூடியில் லேசாகத் தட்டினாள். “இப்ப இருக்குது.”

அவர் துடைத்தார். நன்றாகவே துடைத்தார். வாயால் ஊதி, வட்டமாகத் தேய்த்து, ஒரு பொட்டுத் தூசி இல்லாமல் செய்து நிமிர்ந்தார். அவள் மூடியை வெயிலில் பிடித்தாள்.

அதே வலை.

சென்னியப்பன் மூடியைப் பார்த்தார். காரைப் பார்த்தார்.

“நான் அக்கறையாத்தானே அம்மிணி துடைச்சேன்? ஒரு நாள் விட்டதில்லையே.”

“ஆமாங்ணா. அக்கறை இல்லாதவங்க வண்டில இது இருக்காது. அழுக்கா நிக்கும். அழுக்குக்கு அடியில பூச்சு நல்லா இருக்கும்.”

அன்று அவ்வளவோடு போய்விட்டாள்.

சனிக்கிழமை பாலிஷ். ஓரங்களுக்கும் ரப்பருக்கும் டேப் ஒட்டினார்கள். வண்டி நிழலில் இருந்தது. அவள் பாலிஷ் மெஷினைக் கையில் கொடுத்து, இரண்டடிக்கு இரண்டடியாகப் பிரித்துக்கொண்டு, அழுத்தாமல் மெதுவாக ஓட்டச் சொன்னாள். சென்னியப்பனுக்கு மெதுவாக எதையும் செய்து பழக்கமில்லை. அழுத்தினார்.

“அழுத்தாதீங்ணா. நீங்க ஜெயிக்கறதுக்கு அங்க யாரும் இல்ல.”

மத்தியானத்துக்குள் பானெட்டும் கூரையும் இடப்பக்கமும் முடிந்தன. பானெட்டில் வலை மறைந்து, தென்னங்கீற்று ஒவ்வொன்றாக எண்ணுகிற மாதிரி தெரிந்தது. பதினொரு மாதத்தில் முதல்முறையாக அவர் முகம் கொஞ்சம் இளகியது. வலப்பக்கம் வந்து, கோட்டின் முன்னால் மெஷினைத் தூக்கினார்.

“இருங்க” என்று கோகிலவாணி உட்கார்ந்தாள். டார்ச்சை அடித்துக் கோட்டின் கடைசிவரை பார்த்துக்கொண்டே போனாள். பின்கதவில் கோடு முடிகிற இடத்தில் நின்றாள்.

“இங்க மட்டும் நீலமா ஒரு துளி இருக்குதுங்ணா.”

“இருக்கும். முன்னால பூராவும் நான் கீறல் எடுக்கற காம்பவுண்டு பசை போட்டுத் தேய்ச்சுட்டேன். அங்க விட்டுப் போயிருக்கும்.”

“உங்க கேட் என்ன நிறங்ணா?”

“கண்ணு தெரியலையா? சாம்பல்.”

“முன்னாடி?”

“நீலம். தைப்பொங்கலுக்கு மாத்துனோம்.”

“யாரு மாத்தச் சொன்னது?”

“அவதான். நீலம் வெளிறிப் போச்சு, நல்லாயில்லேன்னு ஒரே பிடிவாதமா...”

பாதியில் அவர் குரல் இறங்கியது.

கோகிலவாணி கேட்டருகே போனாள். கேட் கதவிலிருந்து வெளியே துருத்திக்கொண்டிருந்த கொண்டியை நகத்தால் சுரண்டினாள். சாம்பல் உரிந்தது. அடியில் நீலம்.

“வண்டியை நியூட்ரல்ல போட்டு மெதுவாத் தள்ளுங்ணா. வெளிய போய், திரும்ப உள்ள வர்ற மாதிரி.”

அவர் தள்ளினார். அவள் கேட்டின் வலப்பக்கக் கதவைப் பாதி சாத்தியபடி பிடித்துக்கொண்டாள், காற்றுக்குத் திரும்பி வந்து நின்ற மாதிரி. வண்டி உள்ளே வர வர, கொண்டி ஓட்டுகிறவர் கதவில் கோடு தொடங்கிய இடத்துக்கு நேராக வந்தது. அப்புறம் மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. ஒரு விரற்கடை தள்ளி நின்றபடி, கோட்டை ஒட்டியே பின்கதவுவரை போயிற்று.

ஊரிலிருக்கிற வண்டியெல்லாம் எங்கே இடித்தது, எங்கே பெயின்ட் மாற்றியது என்று தூர நின்று சொல்லுகிறவர். சொந்த வீட்டுக் கேட்டை அவர் சந்தேகப்படவில்லை.

“இந்த வண்டியை யாரெல்லாம் ஓட்டுவீங்ணா?”

“நானு...” என்றார். அவர் பார்வை சமையல்கட்டு ஜன்னலுக்குப் போனது.

சமையல்கட்டு ஜன்னல் கார் நிற்கிற இடத்தைப் பார்த்துத்தான் இருந்தது. காலையில் பால் காய்ச்சுகிறவள் அந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பாள். பதினொரு மாதத்தில் அவள் இல்லாத நாலு மாதத்தைக் கழித்தால் ஏழு மாதம். விடிந்தால் ஒரு தடவை. சோறு திங்கற அந்தக் கை அழுகிப் போயிரும். அதைக் கேட்டுவிட்டு, அந்தக் கையாலேயே காப்பி டம்ளரைக் கொண்டுவந்து நீட்டுவாள். இவர் வாங்கிக் குடிப்பார். சர்க்கரை கம்மி என்பார்.

சென்னியப்பன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தரையிலேயே உட்கார்ந்தார்.

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே” என்றார்.

குரு நகத்தில் ஒட்டியிருந்த சாம்பல் பெயின்ட்டைத் துடைத்தாள்.

“சொல்லியிருந்தா நான் என்ன அடிச்சா இருப்பேன்?”

எதிர் வீட்டு நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

தரையிலிருந்தே கோட்டைப் பார்த்து, “இந்தக் கோட்டை எப்படியாவது எடுத்துரு அம்மிணி. எத்தனை தேய்க்கணுமோ தேய்க்கறேன்” என்றார்.

“கோட்டை எடுக்கறதுன்னு சும்மா சொல்றதுங்ணா. கோடுங்கறது பூச்சு போன இடம். போனதை எப்படி எடுக்கறது? சுத்தி இருக்கற நல்லதைத்தான் தேய்ச்சுத் தேய்ச்சுக் கோட்டோட மட்டத்துக்குக் கொண்டு வர்றோம். இந்தக் கதவுல நீங்க ஏற்கனவே நிறையத் தேய்ச்சுட்டீங்க.” பெட்டியிலிருந்து பூச்சின் கனம் அளக்கிற ஒரு சின்னக் கருவியை எடுத்து, முதலில் பானெட்டிலும் பிறகு கதவிலும் வைத்துக் காட்டினாள். பானெட்டில் காட்டிய எண்ணில் பாதிதான் கதவில் காட்டியது. “இதுக்கு மேல தேய்ச்சா, கோடு இருக்கும். கதவு இருக்காது.”

“ஒரே ஒரு தடவை.”

“இல்லீங்ணா.”

“அரைத் தடவை.”

“இங்க பேரம் இல்லீங்ணா.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “அப்ப அப்படியே விட்டுர்றதா? நாளைக்கு அவ கண்ணுல படணுமா?”

“வாக்ஸ் போட்டா கோட்டுக்குள்ள கொஞ்சம் போய் உக்காரும். ஒரு மாசம் தெரியாது.”

“அப்புறம்?”

“தெரியும்.”

“போடு” என்றார். உடனே, “நானே போடறேன்” என்றார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கே இருவரும் தொடங்கினார்கள். அன்று அவர் தெருவைப் பார்த்துக் கத்தவில்லை. வாக்ஸை ஸ்பாஞ்சில் தொட்டுத் தொட்டுப் பூசிக்கொண்டே கேட்டார்.

“அம்மிணி, தப்புப் பண்ணிட்டேன்னு எப்படிச் சொல்றது? நான் இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல.”

“வாக்ஸ் மாதிரிதாங்ணா. மெல்லிசாப் போடணும். அள்ளி அப்புனா திட்டுத் திட்டா நிக்கும்.”

“நேத்து ராத்திரி பத்துத் தடவை சொல்லிப் பாத்தேன். கண்ணாடி முன்னால நின்னு. பேரம் பேசற மாதிரியே வருது.”

பூசியது காய்ந்து வெளுத்ததும் மெல்லிய துணியால் துடைத்து எடுத்தார்கள். கோட்டின் இடத்தில் இப்போது ஒன்றும் தெரியவில்லை. வாசல், தென்னை, வானம் எல்லாம் கதவுக்குள் நின்றன. வலப்பக்கக் கதவை மட்டும் இன்னும் அரை மணி தொட வேண்டாம் என்றாள் கோகிலவாணி.

பத்து மணிக்கு ஆட்டோ வந்தது.

வசந்தாமணி இறங்கி, கேட்டைத் திறந்து, காரைக் கண்டு நின்றாள். நின்றதைச் சென்னியப்பன் பார்த்தார். அவர் கணக்கில் பாதி சரியாக வந்துவிட்டது.

“யாரு கண்ணு, நீயா பண்ணுனே?” என்று கோகிலவாணியைக் கேட்டாள்.

“ஐயாதாங்க்கா. மூணு நாளாப் பண்ணுனாரு.”

“பண்ணுவாரு. அவருக்கு வண்டின்னா உசுரு.”

சென்னியப்பன் தொண்டையைக் கனைத்தார். ராத்திரி பத்து முறை சொல்லிப் பார்த்ததை மனசுக்குள் இன்னொரு முறை அடுக்கினார்.

வசந்தாமணி வலப்பக்கம் வந்தாள். ஓட்டுகிறவர் கதவின் முன்னால் குனிந்தாள். கோடு இருந்த இடம் அவளுக்கு நன்றாகத் தெரியும். தேடினாள், காணவில்லை. வலது கையை மெல்ல நீட்டி நாலு விரலை அங்கே வைத்தாள்.

“தொடாதே! ரேகை விழுந்துரும்!”

சொன்னது யார் என்று சென்னியப்பனே ஒரு நொடி திரும்பிப் பார்த்தார்.

வசந்தாமணி கையை எடுத்தாள். அந்தக் கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். கோபமில்லாமல், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள்.

“இன்னும் அழுகலைங்க.”

உள்ளே போனாள். ஆட்டோக்காரர் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது காரின் கண்ணாடிக் கறுப்பில் தலைகீழாக ஒரு தடவை தெரிந்து கடந்தது. பின்னாலேயே அவள் ஒரு பையோடு வந்தாள். சென்னியப்பன் வாயைத் திறந்தார். “சாப்டுட்டு...” என்றுதான் வந்தது.

“அங்க பண்ணி வெச்சுட்டு வந்திருக்கறனுங்க.”

எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் போயிட்டு வர்றேன் என்று சொல்லாமல் அவள் படி இறங்கியதில்லை. அன்று சொல்லவில்லை.

ஆட்டோச் சத்தம் தெருமுனைவரை கேட்டது, பிறகு கேட்கவில்லை. கதவில் நாலு விரல் பட்ட இடம் மங்கலாக நின்றது. சென்னியப்பனின் கை தானாகப் போய்ப் பெட்டி மேலிருந்த மஞ்சள் துணியை எடுத்தது. கதவுவரை போனது. அங்கே நின்றது.

கோகிலவாணி அந்தத் துணியை அவர் விரல்களிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டாள்.

“நீ சொன்னதெல்லாம் பண்ணுனனே அம்மிணி” என்றார். அவர் குரலில் தரகரும் இல்லை, சந்தையும் இல்லை. “கழுவுனேன். தேய்ச்சேன். பூசுனேன். இனி யாரு வந்து இதைச் சரி பண்ணுவா?”

அவள் பெட்டியை மூடி ஸ்கூட்டரில் கட்டினாள். கயிற்றை இழுத்துப் பார்த்தாள். கேட்டருகே போய்த் திரும்பினாள்.

“பதினோரு மாசமா ஒரு ஆளைக் கூப்பிட்டீங்களேங்ணா, கெடுத்தவன் நீயே வந்து சரி பண்ணிக் குடுன்னு. அந்த ஆளு இன்னும் வரலை. இன்னொரு தடவை கூப்பிடுங்க. தெருவைப் பாத்து வேண்டாம், கண்ணாடியைப் பாத்து. இன்னிக்காவது அந்த ஆளை அன்னூருக்குப் போய்ச் சரி பண்ணிக் குடுக்கச் சொல்லுங்க. துணி வேண்டாம். வெறுங்கையோட போகச் சொல்லுங்க.”